எறிபொருள்

மருதானையில் இரண்டாம் மாடி. நாலு கதிரை,
மின்வெட்டில் நின்றுபோன ஒரு மின்விசிறி.
கலைச்சொற் குழுவின் முன் அன்று கிடந்த சொல்
எஜெக்டா.
இலத்தீன், என்றார் குலவீரசிங்கம்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து.
முன்னால் உள்ள 'எ' வெளியே. மிச்சம் எறிதல்.
மலை கக்கியது, விண்கல் விழுந்து தெறித்தது,
நோயாளி கிண்ணத்தில் துப்பியது,
எல்லாவற்றுக்கும் இதே பெயர்.
வெளியே எறியப்பட்டவை. பன்மை.
ஒருமையில் யாரும் பாவிப்பதில்லை.

உமிழ்பொருள் என்று எழுதினேன்.
தாதி வேலையில் இளைப்பாறிய திரேசம்மா
முகம் சுளித்தார்: "பிள்ளை, அது சளி."
வீசுபொருள்?
கிரிக்கெட் மாதிரி இருக்கு.
வெளியேற்றம் என்றார் யாரோ.

அதுவரை கோப்பையின் காதையே
பார்த்துக்கொண்டிருந்த நுஸ்றத்
"அது வேண்டாம்" என்றாள்.
"எங்கட வீட்டில அந்தச் சொல்லுக்கு
ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கு.
தொண்ணூறு, ஒக்டோபர்.
ரெண்டு மணித்தியாலம் தந்தவை."
குறிப்பேட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை.
கீழே ஒரு லொறி பின்பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது,
அந்தச் சத்தம் மட்டும்.

எறிபொருள் என்று முடிவாயிற்று.
எனக்கும் ஒரு பஸ் ஞாபகம் வந்தது:
புறக்கோட்டை லொட்ஜ், விடியுமுன் கதவில் தட்டு,
முகத்தில் டோர்ச் வெளிச்சம்,
பல் துலக்கவும் விடவில்லை,
வவுனியா வரைக்கும் யன்னல் கரை.
சொல்லவில்லை.
கூட்டம் முடிந்து
எல்லோரும் குடை தேடிக்கொண்டிருந்தார்கள்.

அச்சுப்படி ஆனியில் வந்தது.
வெள்ளவத்தையில், மண்ணெண்ணெய் வரிசையில்,
வெறுங்கானைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்து திருத்தினேன்.
முழங்கையில் நீலப் பேனையால் என் இலக்கம், முந்நூற்றெட்டு.
பக்கம் நூற்றுப்பதினாறு:
'எரிமலையைச் சுற்றி எரிபொருள்
பல மீற்றர் தடிப்பில் படிந்து கிடக்கும்.'

றகரம் ரகரமாய் விழுந்திருந்தது.
அடுத்த பக்கத்தில் இன்னும் மோசம்:
'சந்திரனின் ஒவ்வொரு குழியைச் சுற்றியும்
எரிபொருள் கதிர்கதிராய்ப் பரந்துள்ளது.'
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
வரிசை திரும்பிப் பார்த்தது.
மட்டக்குளியிலிருந்து வந்து நின்ற மீனவர் இன்னாசி,
மூன்று நாளாய் வள்ளம் மணலில்,
என்ன விசயம் என்று கேட்டார்.
வாசித்துக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.
"அங்கயும் டோக்கனோ?"

திருத்தத் திருத்தப் பாடமும் படித்தேன்.
மேலே கிடந்த மண் அதிதூரம் போய் விழுமாம்.
ஆழத்தில் இருந்த பாறை குழியின் விளிம்பிலேயே,
அதுவும் தலைகீழாய்,
பழையது புதியதின் மேல்.
என் தம்பி ஸ்காபரோவில் பனி வழிக்கிறான்.
நான் கடலுக்கு முந்நூறு யார் தள்ளி இருக்கிறேன்.
இதில் யார் மேல்மண், யார் ஆழம்
என்று அவனோடு தொலைபேசியில் வாதாடலாம்.
அவன் அங்கே நித்திரையாய் இருப்பான்.

நாலரைக்கு ஷெட்காரன் சங்கிலியைக் குறுக்கே இழுத்தான்.
தெல் இவரய் என்றான், யார் முகத்தையும் பாராமல்.
யாரும் கலையவில்லை.
கான்களைக் கயிற்றில் கோத்து
இடத்துக்கு அடையாளம் வைத்தார்கள்.
இன்னாசி தன் கானோடு என்னுடையதையும் கட்டினார்.

சொல்லடைவு இருபத்தேழு இடம் என்கிறது.
மூன்று முறை தேடினேன்.
மெழுகுதிரியில் ஒருமுறை,
பிறகு பகலில் கண்ணாடி போட்டு இருமுறை.
இருபத்தாறு றகரம் வைத்தேன்.
புத்தகம் அச்சாகிவிட்டது.

சந்திரனில் எங்கேயோ இன்னும்
கொஞ்சம் எண்ணெய் கிடக்கிறது.